சாப்பாட்டு நேரத்து வகுப்பு

நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லித்தர எங்கள் தையல் ஆலை தேர்ந்தெடுத்த நேரம், எங்கள் சாப்பாட்டு நேரம். வேலை நேரத்தில் வைத்தால் மெஷின் நின்றுவிடுமாம். இதைக் கண்டுபிடித்த மூளைக்கு ஒரு கும்பிடு. வாரத்தில் ஒரு நாள், மணி அடித்ததும் எங்களை ஓர் அறைக்குள் அனுப்பி, சூப்பர்வைசர் கதவைச் சாத்தி அதன்மேலேயே சாய்ந்துகொள்வார். சாப்பாட்டு டப்பாக்கள் வெளியே அலமாரியில் கிடக்கும்.

பயிற்சி கொடுக்கும் அம்மா மேசையில் பிளாஸ்டிக் பழங்களை அடுக்கினார். பக்கத்தில் என் அண்ணிக்குக் கை நடுங்கியது. அவருக்குச் சர்க்கரை வியாதி; சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கிவிடும்.

"அண்ணி, எந்திரிச்சுப் போய் சாப்பிடுங்க."

"சும்மா இரு. போன வாரம் எந்திரிச்சுப் போனவள மெஷின்லேருந்து எடுத்து நூல் பிசிறு வெட்டுற கம்மி கூலி வேலைக்கு உக்கார வச்சிட்டாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, நாற்காலியோடு சரிந்தார். கண் விழித்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். மேனேஜர் ஓடி வந்தார். இத்தோடு இந்த வகுப்பு ஒழிந்தது என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் அற்ப சந்தோஷம்.

மேனேஜர் அண்ணியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"நேரத்துக்குச் சாப்பிடலன்னா என்ன ஆகும்னு பாத்தீங்கல்ல? வாரம் ஒரு நாள் பத்தாது. நாளையிலேருந்து தினமும் வகுப்பு."

சூப்பர்வைசர் கதவில் சாய்ந்தபடியே கைதட்டினார். எல்லோரும் தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அண்ணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.