பலாமரத்துக்கு மேலே ஒரு வகுப்பறை

மலைமேல் வாழவந்தி நாட்டுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பறை மட்டும் காலைப் பிரார்த்தனை முடிந்ததும் தரையை விட்டு எழும்பும். பலாமரத்தின் உச்சியைத் தாண்டி நின்றுகொள்ளும். சத்துணவு மணி அடித்தால் இறங்கும். மழைக்காலத்தில் ஓடு நனைந்து கனப்பதால் கொஞ்சம் மெதுவாக எழும்பும். மற்றபடி குறையில்லை.

இது தொடங்கியது இளங்கோ சார் திருவாரூரிலிருந்து மாற்றலாகி வந்த வருடத்தில். பிள்ளைக்கு ஒரு தொடுதிரை டேப், பாடமெல்லாம் இணையத்தில் என்று ஒரு திட்டம் அப்போதுதான் மலைக்கு வந்திருந்தது. டேப் வந்தது, சிக்னல் வரவில்லை. வருடக் கடைசிக்குள் பாடம் ஓடாவிட்டால் எல்லாவற்றையும் வேறு பள்ளிக்குக் கொண்டுபோய்விடுவோம் என்று திட்ட அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் செல்போன்கூடக் கிடையாது. இது போனால் திரும்ப வராது என்று இளங்கோவுக்குத் தெரியும்.

எந்தப் பொருளானாலும் அது எப்படி வேலை செய்கிறது என்று விளக்குவதில் அவருக்குத் தீராத ஆசை. டார்ச் விளக்கை டவராகவும் ஒரு செங்கல்லை மலைமுகடாகவும் வைத்து, சுவரில் விழும் நிழலைக் காட்டினார். டவரிலிருந்து வரும் அலையும் வெளிச்சம் மாதிரிதான், முகடு அதை மறைக்கிறது, நாம் நிழலில் உட்கார்ந்திருக்கிறோம், பலாமர உச்சியோடு நிழல் முடிந்துவிடுகிறது என்றார். பிள்ளைகளுக்குப் புரிந்தது. மறுநாள் அறை ஒரு சாண் எழும்பியது. அதற்கடுத்த வாரம் ஜன்னல் உயரம். பீரோவையும் உடைந்த பெஞ்சுகளையும் வெளியே போட்டதும் மரத்தின் பாதி வரை போனது. அதற்கு மேல் போகவில்லை. அந்த உயரத்திலும் நிற்காது, பூங்குழலி வாயைத் திறந்ததும் இறங்கிவிடும்.

பூங்குழலி, மிளகுக்கொடி வைத்திருக்கும் சின்னுசாமியின் மகள். ஒல்லியான பெண். அறை எழும்பும்போதெல்லாம் எழுந்து நின்று, "ஏனுங்க சார்" என்பாள்.

திருவாரூர்க்காரர் காதில் அது 'ஏன் சார்' என்று விழுந்தது. மலை முழுக்க இப்படிக் கேள்வி கேட்கிறதே என்று வந்த நாளிலிருந்து அவருக்குப் பூரிப்பு. சோளக்காட்டுச் சந்தையில் ஒரு அம்மாள், "ஏனுங்க, மலைவாழை வேணுங்களா" என்றதற்குத் தனக்கு ஏன் வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாது என்று நின்று விளக்கிவிட்டு வந்தவர். வகுப்பில் மற்ற பிள்ளைகள் சுதாரித்துவிட்டார்கள். கூப்பிட்டால் அரை மணி நேரம் பாடம் நடக்கும் என்று கண்டு, கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். பூங்குழலி மட்டும் விடவில்லை.

"ஏனுங்க சார்..."

"நல்ல கேள்வி, உட்காரும்மா. ஏன்னா, அலைங்கிறது இருக்கு பாரு..."

"அதில்லீங்க சார்..."

"இரு, முழுசா சொல்லிடறேன்."

முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் அறை தரைக்கு வந்திருக்கும். எத்தனை விளக்கியும் இந்தப் பெண்ணுக்கு ஏறவில்லை, அந்தக் கனம்தான் அறையை இழுக்கிறது என்று இளங்கோ முடிவுசெய்தார். அதிகாரி வரும் நாள் நெருங்கியது. "கொஞ்ச நாள் கீழே நாலாம் வகுப்போட உட்காரும்மா. உனக்கு அப்புறமா தனியா சொல்லித்தரேன்" என்றார்.

"சரிங்க சார்" என்று பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று காலையே அறை பலாமரத்தைத் தாண்டியது. டேப் எல்லாம் ஒளிர்ந்தன. அதிகாரிகள் ஏணி வைத்து ஏறிப் பார்த்தார்கள், கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். டேப்புகள் பள்ளிக்கே என்றானது. தனியாகச் சொல்லித்தர நேரம் வாய்க்கவில்லை. ஜூனில் சின்னுசாமி வந்து டிசி கேட்டார். "மேல ஏறாத புள்ளைய இங்க வெச்சு என்னங்க பண்றது" என்று சொல்லி, மகளை மலைக்குக் கீழே விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்.

அடுத்த வருடமும் அறை எழும்பியது. ஒரு நாள் டீ குடிக்கும்போது இளங்கோ, இந்த மலையில் ஆளாளுக்கு ஏன் என்று கேட்கும் அழகை வியந்து சொல்ல, ராசிபுரத்துக்காரரான தலைமையாசிரியை ஹேமலதா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"அய்யோ சார், அது கேள்வி இல்லீங்க. சும்மா கூப்பிடறது. நீங்க 'இங்க பாருங்க'ன்னு சொல்ற மாதிரி. இத்தன நாளா பஸ்ல கண்டக்டருக்கெல்லாம் வெளக்கம் சொல்லிட்டா வாரீங்க?"

இளங்கோ சிரிக்கவில்லை. அறை இறங்கிய நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அவள் கூப்பிட்டபோது அது இறங்கியதில்லை. அவர் விளக்கத் தொடங்கிய பிறகுதான் இறங்கியது. கனம் அவருடையது.

சனிக்கிழமை பஸ் பிடித்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி விடுதிக்குப் போனார். பூங்குழலி வளர்ந்திருந்தாள். ஹேமலதா டீச்சர் சௌக்கியமா, அறை நல்லா எழும்புதா என்றெல்லாம் விசாரித்தாள். "அன்னிக்கு அத்தனை தடவை கூப்பிட்டியேம்மா. என்ன சொல்ல வந்தே?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் காத்திருந்தார். அவள் சுவரைப் பார்த்து உண்மையாகவே யோசித்தாள்.

"மறந்துபோச்சுங்க சார்" என்றாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பெருசா ஒண்ணும் இருந்திருக்காதுங்க" என்றாள்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அறை ஒரு பக்கமாகச் சாய்ந்து எழும்புகிறது. பூங்குழலி உட்கார்ந்திருந்த மூலை சற்றுத் தூக்கி நிற்கும். அங்கே இரண்டு பிள்ளைகளைச் சேர்த்து உட்காரவைத்தும் பார்த்தார்கள், பீரோவைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தும் பார்த்தார்கள், மாற்றமில்லை. கொத்தனார் வந்து சுவரில் பழுதில்லை என்று சொல்லிவிட்டார். சிக்னலுக்கு இதனால் தடையில்லை. பென்சில் உருண்டுவிடும் என்பதால் பிள்ளைகள் அதைக் கையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள்.