கணக்குப் பகுதி என் பொறுப்பு

எங்கள் பயிற்சி மையத்தில் வாத்தியார்களும் வருஷா வருஷம் நுழைவுத் தேர்வு எழுதுவோம். மேலாண்மைக் கல்லூரியில் சேர்வதற்காக இல்லை, கேள்விகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு வருவதற்காக. தேர்வு கம்ப்யூட்டரில்தான், போட்டுப் பார்த்த தாளைக்கூட வாசலிலேயே பிடுங்கிக்கொள்வார்கள். அதனால் ஆளுக்கொரு பகுதியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, அன்று சாயங்காலமே எல்லோரும் கூடி உட்கார்ந்து முழு வினாத்தாளையும் போர்டில் எழுதிவிடுவோம். வேறு எந்த மையத்துக்கும் இது கைவராது. காரணம் நான்தான். ஒரு கணக்கை ஒருமுறை பார்த்தால் போதும், கேள்வியும் நான்கு விடைகளும் அப்படியே ஒட்டிக்கொள்ளும். இந்தப் பாழாய்ப்போன மூளைக்கு வேறு வேலையே இல்லை.

மையம் அக்கா புருஷனுடையது. அத்தான் நல்ல மனுஷர். அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என்றைக்கோ நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பியிருப்பேன். அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவர், படித்து முடித்த கையோடு சாக்பீஸையும் நீட்டினார். "வேற எங்கயோ போய் எதுக்கும்மா கஷ்டப்படணும்? நம்ம இடம் இருக்குல்ல?" அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். டயர் கடைக்கு மேல் மாடி. ஜன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம்.

எந்தக் கணக்கை எடுத்தாலும் "இதை மூணு வழியில போடலாம்" என்று நான் ஆரம்பிப்பதால் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் 'மூணு வழி மிஸ்'. என்னிடம் படித்ததுகள் எங்கெங்கோ சேர்ந்து, கோட்டு மாட்டிக்கொண்டு படம் அனுப்புகின்றன. அந்தப் படங்களைப் பேனர் அடித்து வாசலில் கட்டுவதும் நான்தான். வயிறு எரியாதா? எரிந்தது.

இந்த வருஷம் கழுத்துவரை வந்துவிட்டது. அத்தான் புதுக் கிளை திறக்கிறார், அதற்கு நான்தான் தலைமையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெயர்ப் பலகை வந்து இறங்கிய பிறகுதான் தெரிந்தது. அக்கா பூரித்துப்போய் அதை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பிடிச்சிருக்காடி?"

"என் பேரு போட்டிருக்கே," என்றேன். அந்தப் பலகை சுவரில் ஏறிவிட்டால் நான் இறங்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இந்த முறை கேள்விகளைச் சுமந்து வராமல் எனக்காக எழுதுவது என்று. நல்ல கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அத்தானே வழியனுப்பி வைப்பார், அவர் குணம் அப்படி. பேருந்தில் படித்தேன், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். நாளெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுப்பவள் திருட்டுத்தனமாகப் படித்த கூத்தை எங்கே போய்ச் சொல்ல! கணக்கு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்பதால் அதைத் தொடவே இல்லை. அங்கேதான் கோட்டைவிட்டேன்.

விஷயம் தெரிந்தவர் ஆங்கில வாத்தியார் ஒருத்தர்தான். பேச்சுக்குப் பேச்சு நீளமாக மூச்சு விடுவதால் அவருக்குப் பெருமூச்சு என்று பெயர்.

"சாயங்காலம் போர்டுல எழுதறப்போ கணக்கு எங்கேன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தலைவலி, ஒண்ணும் ஞாபகம் இல்லைன்னுடுவேன்."

"உங்களுக்கா ஞாபகம் இல்ல? சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீங்க வாயைத் திறக்காம இருந்தா போதும்."

அவர் வழக்கம்போல மூச்சு விட்டார். "எப்படியாவது போயிடுங்க. நானும் ஒரு காலத்துல போகணும்னுதான் இருந்தேன்."

தேர்வன்று அத்தானே காரில் கொண்டுபோய் விட்டார். "பதிலைப் பத்திக் கவலைப்படாதே. கேள்வி ஒண்ணுகூட விட்டுடாதே, என்ன?" என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். சரி என்று தலையாட்டினேன்.

முதல் பகுதி ஆங்கிலம். நன்றாகவே போனது. பிறகு திரையில் கணக்கு வந்தது. தொட்டியும் குழாய்களும். கேள்வியைப் படித்து முடிக்கும் முன்பே அது தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. சீ, போ என்றேன். போகவில்லை. கை கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தது, மனசோ கடைசி பெஞ்சுக்கு விளக்கிக்கொண்டிருந்தது. இதை மூணு வழியில போடலாம். தொடையைக் கிள்ளிக்கொண்டேன். அடுத்த கேள்வியிலும் இதே கதை. கண் கணக்கில் நிற்காமல் விடைகளுக்குப் போய், எது முதலில், எது கடைசியில் என்று வரிசை பிடித்தது. திரை மூலையில் நேரம் சிவப்பாகிவிட்டது. பக்கத்தில் ஒரு பெண் நகத்தைக் கடித்துக்கொண்டு ஒரே கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. நானும் எதையெதையோ குறித்துவிட்டு எழுந்து வந்தேன்.

வாசலில் அத்தான். "தலைவலி அத்தான். எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றேன். அவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "பரவால்லம்மா, உடம்புதான் முக்கியம்," என்றார். திட்டித் தொலைத்திருக்கக் கூடாதா மனுஷர்!

சாயங்காலம் எல்லோரும் போர்டின் முன் கூடினோம். மற்ற பகுதிகள் நிரம்பிவிட்டன. கணக்குக்கு விட்ட இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நான் மூலை நாற்காலியில் வாயை இறுக மூடி உட்கார்ந்திருந்தேன்.

"ஒரு கணக்கு எனக்கு லேசா ஞாபகம் இருக்கு," என்றார் தர்க்கப் பகுதி வாத்தியார். "தொட்டிக்கு ரெண்டு குழாய்..."

"மூணு குழாய்," என்றது என் வாய். "மூணாவது தண்ணியக் காலி பண்ற குழாய்."

அறை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அத்தான் துள்ளி எழுந்தார். "நான் சொன்னேன்ல! அது எங்கயும் போகாது, அவ தலையில பத்திரமா இருக்கும்!" சாக்பீஸை என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு நான் நிற்கவில்லை. ஒவ்வொன்றாக, நான்கு விடைகளோடு, வரிசை மாறாமல் எழுதினேன். பெருமூச்சு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு விடவில்லை. வெட்கக்கேடு என்னவென்றால், எழுத எழுத எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டீ கொண்டுவந்த அக்கா போர்டை அண்ணாந்து பார்த்தாள். "யப்பா! இவ்வளவுமா? அந்தத் தொட்டிக் கணக்குக்கு நீ என்ன பதில்டி போட்டே?"

திரும்பிப் பார்த்தேன். நான்கு விடைகளும் இருந்தன. நான் எதைக் குறித்தேன்? அடுத்த கணக்கைப் பார்த்தேன். அதற்கடுத்ததையும் பார்த்தேன். ஒன்றுக்குக்கூட என் பதில் வரவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லக்கா," என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அத்தானுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "சரியான ஆளும்மா நீ," என்று துடைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில முதல் வேலையா பலகையை மாட்டிடலாம்."

நான் அடுத்த கேள்வியை எழுதினேன்.