மலையின் வாயை அடைத்தவர்

இப்படிப் பக்கத்தில் வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நன்றாக நீட்டிக்கொள்ளுங்கள். ஒழுகலைக் கண்டால் பொறுக்காத ஒரு குழாய்க்காரரின் கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த மனுஷருக்கு இரண்டு பெண்கள். சின்னவளைச் சுண்டெலி என்பார்கள், ஓரிடத்தில் நிற்க மாட்டாள். பெரியவள் அழுத்தக்காரி. பள்ளி நாடகத்தில் அவள் மரமாக நின்ற அன்று, திரை விலகும் நேரம் பார்த்து அப்பாவுக்குப் போன் வந்தது. எங்கோ குழாய் உடைந்ததென்று போய்விட்டார். அதன்பின் அவள் அப்பாவை எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மனமிறங்கி, எரிமலை செய்யலாம், ஆனால் முடியும்வரை கூட இருக்க வேண்டும் என்றாள். இதிலும் கழன்றுகொண்டால் இனி ஒருபோதும் கேட்க மாட்டாள் என்று அவருக்கே தெரியும். போதாததற்கு, சலவைக்கூடத்துக்கு வேலைக்குக் கிளம்பிய அம்மாவும் அதையே சொல்லிவிட்டுப் போனாள்.

குளியலறைத் தரையில் தட்டு, தட்டின் நடுவே பாட்டில், அதைச் சுற்றி மாவுப் பசையில் நனைத்த செய்தித்தாள். மலை எழும்பிவிட்டது. காயத்தான் மாட்டேனென்றது. குழாய்க்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தபடியே இருந்தது. விடுதி வார்டன்தான், சமையற்கட்டில் தண்ணீர் ஒழுகுகிறதாம். எழுந்தார், உட்கார்ந்தார், ஹேர் டிரையரைக் கொண்டுவந்து மலைக்குக் காற்றடித்தார்.

"மலைக்கு ஒண்ணும் அவசரம் இல்லப்பா. உங்களுக்குத்தான்," என்றாள் பெரியவள், நிமிராமலே.

ஒருவழியாகச் சமையல் சோடாவைக் கொட்டினார்கள். சிவப்புக் கலர் கலந்த வினிகரைச் சுண்டெலி ஊற்றினாள். குபுகுபுவென்று நுரை விளிம்பைத் தாண்டியதுதான் தாமதம், இத்தனை வருடத் தொழில் கையில் முந்திக்கொண்டது. மனுஷர் பாய்ந்து கட்டைவிரலால் பாட்டில் வாயை அடைத்துவிட்டார். அது அடங்குமா? விரலிடுக்கில் பீறிட்டு, அவர் மூக்கைச் சிவப்பாக்கி, சுவரெல்லாம் தெறித்தது.

சுண்டெலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை.

"அப்பா, இது ஒழுகணும்ப்பா."

வினிகர் தீர்ந்துபோயிருந்தது. முனைக் கடைக்குப் போக வேண்டும். வாசலைத் தாண்டினால் அப்பா எந்தப் பக்கம் திரும்புவார் என்று அவளுக்குத் தெரியாதா? கையை நீட்டினாள். போனை வாங்கி வைத்துக்கொண்ட பிறகுதான் வழிவிட்டாள்.

வினிகரை வாங்கியாயிற்று. கை மட்டும் வெறும் பையைத் தடவிக்கொண்டே இருந்தது. சமையற்கட்டில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்குமோ? விடுதி அடுத்த தெருதான், ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கால் அந்தப் பக்கம் நாலடி வைக்கவும் வைத்தது. அப்புறம் பாட்டிலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து ஓட்டமெடுத்தார்.

வாசலில் பெரியவளின் குரல் கேட்டது. போனில் வார்டனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"அப்பா வேலையா இருக்காங்க. பாதியில விட்டுட்டு வர முடியாது. தொட்டிகிட்ட வால்வு இருக்கும் பாருங்க, அத வலப்பக்கமா திருகுங்க. நின்னுச்சா? அப்ப சரி, வருவாங்க."

பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. வேலையிடத்திலிருந்து வீட்டுக்கு அவர் தினமும் சொல்வது அதுதான், ஒரு சொல் மாறவில்லை. செருப்பைக் கழற்றிச் சுவரோரம் ஒதுக்கி வைத்துவிட்டு உள்ளே போனார்.

இரண்டாம் முறை ஊற்றும்போது தன் இரண்டு கைகளின் மேலும் ஏறி உட்கார்ந்துகொண்டார். நுரை பொங்கி, மலையில் வழிந்து, தட்டைத் தாண்டித் தரையில் ஓடியது. முழங்கால் ஆடியதே தவிர, அவர் எழவில்லை. கடைசிக் குமிழ் உடைந்த பிறகும் எழவில்லை.

பெரியவள்தான் போனைத் துடைத்து அவர் பையில் போட்டாள்.

"போயிட்டு வாங்கப்பா. அடுத்த வாரம் பெரிய பாட்டிலா பாத்து எடுத்து வைங்க."

அவ்வளவுதான் கண்ணுகளா. கேட்ட உங்கள் வீட்டில் பிள்ளைகளின் சத்தம் ஓயாமல் இருக்கட்டும். வேலைக்குப் போனவர்கள் பொழுதோடு வீடு வந்து சேரட்டும். நன்றாக இருங்கள்.