கொடியில் காய்ந்த பேண்ட்

ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருந்த அறையில், பச்சை அங்கியோடு கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள் மீனம்மாள். அவள் நிம்மதியாக உட்கார்ந்து ஏழு மாதமாகிறது. கர்ப்பப்பை இறங்கிப்போய், பழைய வேட்டித்துணியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் களையெடுக்கப் போவாள். கொரோனா வந்ததும், ‘அவசரமில்லாத ஆபரேஷன், அப்புறம் பார்க்கலாம்’ என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். அவசரமில்லை என்று சொன்ன அத்தனை பேரும் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்கள்.

இப்போது மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். இன்று இரண்டே பேர். முதலில் பித்தப்பைக் கல்லுக்குப் பிரகதாம்பாள், அடுத்து மீனம்மாள். பிரகதாம்பாள் வேறு யாருமில்லை, குளத்தூரில் அடுத்த வீட்டுக்காரி. சிக்கலே அங்கேதான்.

மீனம்மாள் காதில் விழுந்த சங்கதி, சோறு வடிப்பதற்குள் நாலு தெரு சுற்றிவிடும். அவள் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கினால் சேதி வருகிறது என்று அர்த்தம். அப்பேர்ப்பட்டவள் இரண்டு நாளாக ஒன்றை விழுங்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை இருவருக்கும் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்ததில் ஒன்றுமில்லை என்று வந்தது. சனிக்கிழமை பிரகதாம்பாள் வீட்டுக் கொடியில் ஒரு ஜீன்ஸ் பேண்ட் காய்ந்தது. அந்த வீட்டில் பேண்ட் போடுகிற ஆள், சென்னையில் இருக்கும் மகன் வசந்தகுமார் மட்டும்தான். சுவருக்கு அங்கிட்டு விடாமல் இருமியதும் அவன்தான்.

நர்ஸ் ஷர்லி தாளோடு, பக்கத்துக் கட்டிலில் இருந்த பிரகதாம்பாளிடம் வந்தாள். மூக்குத்தண்டில் மாஸ்க் அழுத்திய தழும்பு. கூட வேலை பார்த்த நர்ஸ் போன மாதம் கொரோனாவில் மூச்சுத்திணறிச் செத்துப்போனதிலிருந்து, அவளுடைய டூட்டியும் இவள் தலையில்தான்.

“டெஸ்ட் எடுத்தப்பறம் வெளியூர்லேர்ந்து வீட்டுக்கு யாராச்சும் வந்தாங்களாம்மா?”

“எங்க வீட்டுக்கா? காக்கா கூட வரல சிஸ்டர்” என்றாள் பிரகதாம்பாள்.

ஷர்லி தள்ளுவண்டி எடுத்துவரப் போனாள்.

“காக்கா பேண்ட் போடுமாடி?” என்றாள் மீனம்மாள்.

பிரகதாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, வலியில சுருண்டு சுருண்டு செத்தேன். என்னய நிப்பாட்டுனா தியேட்டரையும் பூட்டிருவாங்க. ஒங்களுக்கும் திரும்ப மொதல்லேர்ந்துதான். ரோசன பண்ணிக்கங்க.”

வண்டி வந்தது. ஷர்லி குனிந்து பிரகதாம்பாளை அணைத்துத் தூக்கிக் கிடத்தினாள். இரண்டு முகங்களுக்கும் நடுவே ஒரு சாண் கூட இல்லை.

“அடுத்து நீங்கதாம்மா. பயப்படாதீங்க, நானும் உள்ளதான் இருப்பேன்.”

மீனம்மாளின் விரல் காதோரக் கயிற்றுக்குப் போனது. ஷர்லி அதைப் பார்த்துவிட்டாள்.

“என்னம்மா, ஏதும் சொல்லணுமா?”

வண்டியின் முன்சக்கரங்கள் தியேட்டர் வாசலைத் தாண்டியிருந்தன. பிரகதாம்பாள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். மீனம்மாளின் மாஸ்க் மூக்கிலிருந்து மெல்ல நழுவி, மேலுதட்டுக்கு வந்து நின்றது.