துளசியின் மைவிக்கு நான் இன்னும் விபத்து வைக்கவில்லை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு காப்புறுதி முகவரின் மேசை முன்னால் பிறந்தது. காரின் காப்புறுதியும் ரோட் டெக்ஸும் புதுப்பிக்கப் போயிருந்தேன். காரைச் சொந்தத்துக்கு ஓட்டுகிறீர்களா, தொழிலுக்கா என்று முகவர் கேட்டார். மரத்தடியில் நிறுத்தி, அதற்குள் உட்கார்ந்துதான் கதை எழுதுகிறேன், அது எதில் சேரும் என்றேன். கதைக்கு யாராவது காசு கொடுக்கிறார்களா என்றார். இல்லை.

"அப்போ சொந்தம்தான் சார்" என்று, துக்கம் விசாரிக்கும் குரலில் சொன்னார்.

எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை வேறு யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்ததும் துளசி என்று ஒருத்தியைக் கற்பனையில் பிடித்தேன்.

2

முதல் தொடக்கம்: "சுண்ணாம்புக் குன்றுகளின் பின்னால் சூரியன் மெல்லத் தன்"

வேண்டாம். சூரியனா கார் ஓட்டப்போகிறது?

இரண்டாம் தொடக்கம்: "ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய்த் தாமான் வீடுகள் வந்த அந்த மண்ணில், தோட்டத்து லயத்தில் பிறந்த துளசி"

இதுவும் வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நாலு பக்கத்துக்கு எல்லாரும் அழ வேண்டியிருக்கும். துளசிக்கு நேரமில்லை. காலையில் ஆட்களை ஈப்போவில் இறக்க வேண்டும்.

ஆக, மூன்றாவது: துளசி ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோரில் இருக்கிறாள். ஒரு பழைய மைவி கார் வைத்திருக்கிறாள். அதுதான் பிழைப்பு. காலையில் இருவர் தவறாமல் ஏறுவார்கள். பெரிய மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் கருப்பம்மாள் அக்கா பின் சீட்டில். ஹோட்டல் சலவைப் பிரிவில் வேலை செய்யும் தினேஸ்வரி முன் சீட்டில். தினேஸ்வரியும் துளசியும் ஒரே லயத்துக்காரிகள், தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு. செமோரிலிருந்து ஈப்போ வரைக்கும் வாய் ஓயாது. மாமியார், மேனேஜர், நேற்றைய நாடகம் எல்லாரும் அந்தச் சாலையில் ஒரு வழி ஆகிவிடுவார்கள்.

காசு கைக்குக் கை மாறாது. கூட்டாளி கையில் காசைத் திணிப்பது அவர்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. கியருக்குப் பக்கத்தில் ஒரு காலி மைலோ டின் இருக்கும். பெட்ரோல் எண்ணெய்க்கு ஆகட்டும் என்று அதில் போட்டுவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் இறங்கிப் போவார்கள். துளசியும் அந்த நேரம் பார்த்துக் கண்ணாடியைச் சரிசெய்வாள்.*

(* மைலோ டின் உண்மையில் வேறொருவர் காரில் பார்த்தது. அவர் இதைப் படித்தால் நான் தொலைந்தேன்.)

3

மிதுலனைப் பற்றி எனக்குச் சந்தேகம். அவன்தான் துளசியின் காப்புறுதி முகவர். சிலோன்காரர் வீட்டுப் பிள்ளை, இஸ்திரி கலையாத சட்டை. முதல் வரைவில் அவனை வில்லனாக்கி, கமிஷனுக்காகப் பயமுறுத்துகிறவனாக எழுதினேன். மீசைகூட வைத்தேன். எழுத எழுத அவன் நல்லவனாகிக்கொண்டே வந்தான். கடைசியில் மீசையை எடுத்துவிட்டேன்.

புதுப்பிக்க வந்த துளசியிடம், கார் சொந்தத்துக்கா தொழிலுக்கா என்று அவன் கேட்டான். அவள் சொந்தம் என்றாள். மருத்துவமனை வாசலில் அவள் ஆள் இறக்குவதை அவன் பார்த்திருக்கிறான். அதெல்லாம் சொந்தக்காரங்க மாதிரி தம்பி, காசே கேட்பதில்லை, டின்னில் போடுவார்கள் என்று விளக்கினாள். டின்னிலிருப்பது காசுதானே என்று கேட்டான்.

"டின்தான் கேக்குது, நான் கேக்கல லா" என்றாள் துளசி.

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான்.

"ஓம் அக்கா, ஆனா ஒண்ணு ஆச்சின்னா கம்பெனி டின்னைத்தான் பாக்கும். கருப்பம்மாள் அக்காவுக்கு இடுப்பு உடைஞ்சா ஒரு சென் காசு வராது. தினேஸ்வரி அக்காவுக்கும்தான்."

வாடகைக்கு ஆள் ஏற்றுகிறவர்களுக்கு அதற்கென்று தனிக் காப்புறுதி இருக்கிறது என்றான். [உரிமம், வண்டிச் சோதனை என்று வேறு காகிதங்களும் உண்டு. அவற்றை இங்கே விவரித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். துளசி எல்லாவற்றையும் முடித்துவிட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.] செலவு அதிகம்தான். ஆனால் துளசிக்குப் பயம் வந்துவிட்டது. தினேஸ்வரி முன் சீட்டில் இரத்தத்தோடு கிடப்பதுபோல் ஒரு நினைப்பு வந்து, கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

4

இங்கே ஒரு விபத்து வைத்திருக்க வேண்டும். கதைக்காரனுக்கு மழையும் லாரியும் இலவசம். "ஜாலான் குவாலா கங்சார் சாலையில் அன்று பெய்த மழையில்" என்று எழுதியும்விட்டேன். பிறகு பார்த்தால் துளசியின் புதுக் காப்புறுதி இன்னும் கைக்கு வரவில்லை. இந்த நேரத்தில் மோதவிட்டால் அது கதையில்லை, பாவம். லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

5

புதுக் காப்புறுதி வந்த அன்று துளசி செய்த தப்பு, அதைப் பெருமையாகச் சொன்னதுதான். சிவப்பு விளக்கில் நிற்கும்போது, இனிமேல் இது தொழில் வண்டி, நீங்கள் இருவரும் முறையான பயணிகள், எது நடந்தாலும் கவலையில்லை என்று அறிவித்தாள். கருப்பம்மாள் நல்லது என்றார். தினேஸ்வரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் தினேஸ்வரி பின் கதவைத் திறந்து ஏறினாள்.

ஏன் அங்கே என்று கேட்டதற்கு, பயணி பின்னால்தானே உட்காருவார்கள் என்றாள். ஏர்கானைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னாள். கருப்பம்மாளுக்கும் உற்சாகம் வந்து, ரேடியோவை மாற்றச் சொன்னார். ஹோட்டல் வாசலில் தினேஸ்வரி நோட்டை நாலாக மடித்து, துளசியின் கையிலேயே கொடுத்தாள். நன்றி வேறு சொன்னாள்.

துளசிக்கு அழுகை வந்தது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அதன் பிறகு தினமும் அதே கதைதான். முன் சீட்டில் துளசியின் கைப்பை மட்டும் உட்கார்ந்து வந்தது. மாமியார், மேனேஜர் எல்லாரும் சௌக்கியமாக இருந்தார்கள்.

6

முடிவு ஒன்று: துளசி காப்புறுதியை ரத்துசெய்கிறாள், கூட்டாளி முன்னால் வருகிறாள், இருவரும் சிரிக்கிறார்கள். எழுத நன்றாக இருந்தது. ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டே போகும் சாலையில் நான் திருப்பி அனுப்பிய லாரி எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது.

முடிவு இரண்டு: விபத்து நடக்கிறது, காப்புறுதி எல்லாச் செலவையும் ஏற்கிறது, தினேஸ்வரி கட்டிலில் படுத்துக்கொண்டு கண்கலங்குகிறாள். இதை மிதுலனிடம் கொடுத்தால் விளம்பரமாகப் போடுவான்.

முடிவு மூன்றை நான் எழுதவில்லை, துளசி ஆரம்பித்துவிட்டாள். இன்று காலை தினேஸ்வரி பின் கதவைத் திறந்தபோது துளசி இறங்கிவந்து எதிரே நின்றாள்.

"ஏன்டி, நீ யாரோவா இருந்தா நான் எதுக்குடி இவ்ளோ காசு கட்டப்போறேன்? உனக்கு ஒண்ணு ஆச்சின்னா நான் என்னா செய்வேன்னு பயந்துதானே கட்டினேன்."

தினேஸ்வரி பின் கதவை மூடினாள். முன் சீட்டுக்குத்தான் வருவாள் என்று நானும் எழுதத் தயாராக இருந்தேன். அவள் காரைச் சுற்றிக்கொண்டு ஓட்டுநர் பக்கம் வந்தாள்.

"அப்போ சாவிய குடு. இன்னிக்கு நான் ஓட்டுறேன், நீ பக்கத்துல உக்காந்து வா."

அவளிடம் லைசென்ஸ் உண்டு. கடைசியாக எப்போது ஓட்டினாள் என்று கேட்காதீர்கள். காப்புறுதியில் ஓட்டுநர் என்று துளசியின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மிதுலனுக்கு போன் போட்டுப் பார்த்தேன், எடுக்கவில்லை. துளசி சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தினேஸ்வரி கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். பின் சீட்டில் கருப்பம்மாள் அவசர அவசரமாக பெல்ட்டைத் தேடுகிறார்.

எனக்கு இதில் துணிச்சல் இல்லை. சாவியைக் கொடுப்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கொஞ்சம் சீக்கிரம், இருவருக்கும் வேலைக்கு நேரமாகிறது.