வார்த்தை வாங்கப் போன பீர்

செரோஷுக்கு ஐம்பத்தைந்து வயதில் கல்யாண ஆசை வந்தது. வரட்டுமே, அதில் யாருக்கு என்ன நஷ்டம்? மனைவியைப் புதைத்து வருஷங்கள் ஆகிவிட்ட மனுஷன். எங்கள் கிறிஸ்தவக் குடியிருப்பான ஜுல்ஃபாவில் பாதி வீடுகளில் குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறதென்றால் அது பாய்லர்காரன் செரோஷின் தயவு. ஊருக்கெல்லாம் சூடு ஏற்றிவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தால் பேச ஒரு ஆள் கிடையாது. ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் நின்றுகொண்டே தின்றுவிட்டுப் படுத்துவிடுவான்.

அவன் ஆசைப்பட்டது ஷுஷானை. இரண்டு சந்து தள்ளி இருப்பவள், கல்யாண உடுப்பு தைக்கிறவள், அவளும் புருஷனை இழந்தவள். போன குளிர்காலத்தில் அவள் வீட்டுப் பாய்லர் மூன்று தடவை கெட்டது. அதில் ஒரு தடவைதான் நிஜமாகவே கெட்டது என்று ஊரில் ஒரு பேச்சு. இருக்கலாம்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். எங்களில் பெண் கேட்டுப் போவதை வார்த்தை வாங்குவது என்போம். ஆண் வீட்டார் ஒரு பாட்டிலோடு போக வேண்டும். எல்லோருக்கும் ஊற்றி, வாழ்த்திக் கோப்பையைத் தூக்க வேண்டும். அந்தப் பெண் தன் கோப்பையைக் காலி செய்து கீழே வைத்தால் வார்த்தை கொடுத்தாயிற்று என்று அர்த்தம். பாட்டில் இல்லாமல் போனால் அதற்குப் பெயர் தேநீர் குடிக்கப் போனது. ஷுஷானின் அண்ணன் ஹோவிக் இந்த மாதிரி விஷயங்களில் ரொம்ப கறார். தேவாலய முற்றத்தில் நாலு பேர் முன்னால் சொல்லியே விட்டான்.

"பாய்லர்காரரே, நல்ல பிராந்தியோட வர்றதுன்னா வாங்க. என் தங்கச்சி ஒண்ணும் வெறுங்கையோட வந்து கூட்டிட்டுப் போற பொண்ணு இல்ல."

செரோஷ் தலையை ஆட்டினான். ஆனால் ஷுஷான் அவனிடம் வேறொன்று சொல்லியிருந்தாள். குளிர்காலத்தில் அவன் பாய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு, "இந்தக் குளிருக்கு ஒரு மடக்கு சாராயம் உள்ள போனா பாய்லரே வேணாம்" என்று ஏதோ பேச்சுக்குச் சொன்னான். எட்டிப் பார்த்தால் அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள்.

"வாஹே குடிப்பாரு," என்றாள். வாஹே என்பது செத்துப்போன புருஷன். "பாட்டில் தொறக்கற சத்தம் கேட்டா நான் சமையல்கட்டுக்குப் போயிடுவேன். அந்த வாடை வந்தா இன்னிக்கும் கை நடுங்குது. அடிச்சாருன்னு சொல்ல வரல. அடிச்சதும் உண்டுதான்."

செரோஷ் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்குத்தான் அவன் மனசு அவளிடம் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணனுக்கு பாட்டில் வேணும், தங்கச்சிக்கு வாடையே ஆகாது," என்றான் அவனுடைய சிநேகிதன் மெலிக். தெருமுனையில் டயர் கடை வைத்திருப்பவன். நல்லவன், வாய் மட்டும் சும்மா இருக்காது. "நனையாம குளிக்கணுங்கற. எப்படிடா?"

"பீரு," என்றான் செரோஷ். "பீருக்கு அந்த வாடை கெடையாதுடா. ரொட்டி வாசனைதான் வரும்."

"பீருக்கு எங்க போவ? கள்ளத்தனமா வர்ற டப்பா என்ன வெல விக்குது தெரியுமா?"

"நாமளே பண்ணுவோம்."

மெலிக் சிரித்தான். கடையில் மது விற்கத் தடை என்பதால் எங்கள் தெருவில் ஒயினுக்குத் திராட்சை மசிக்காத வீடு கிடையாது. ஆனால் பீர் பண்ணினவன் எவனும் கிடையாது. திராட்சைக்கு அந்த வருஷம் யானை விலை. பார்லியோ கோழித்தீனிக் கடையில் மூட்டையாகக் கிடந்தது.

தீனிக்கடைக்காரன் நிறுத்துப் போட்டபடி, "எத்தன கோழி வளக்கறீங்க?" என்று கேட்டான்.

"ஒண்ணுதான். நல்லா சாப்பிடும்," என்றான் செரோஷ்.

பார்லியை ஊறவைத்து ஈரச் சாக்கில் பரப்பி முளை கட்ட விட்டான். முளைத்ததை மொட்டைமாடியில் காயப்போட்டு, சிட்டுக்குருவிகளோடு இரண்டு நாள் யுத்தம் நடத்தினான். அப்புறம் அடுப்பின் இளஞ்சூட்டில் பிஸ்கட் மணம் வரும்வரை வறுத்து, காய்ந்த வேரைக் கையால் கசக்கி உதிர்த்து, கறி அரைக்கிற மெஷினில் உடைத்தான். அரைத்ததைச் சுடுநீரில் ஊறப்போட வேண்டும். சூடு கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். பழைய பாய்லர் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த சூடு காட்டும் முள்ளை அண்டாவில் மாட்டினான். குளிர்காலத்தில் எல்லோரும் காலை நுழைத்துக்கொண்டு உட்காரும் பெரிய பஞ்சு ரஜாய் ஒன்று இருந்தது. அதை எடுத்து அண்டாவுக்குப் போர்த்தினான்.

"பிள்ளைக்குக் காய்ச்சலாடா?" என்றான் மெலிக்.

"சத்தம் போடாதே. தூங்குது."

பீரின் கசப்புக்கு ராஸக் பூ, அதாவது ஹாப்ஸ், வேண்டும். எங்கள் ஊர் மருந்துச் சரக்குக் கடையில் தூக்கம் வராதவர்களுக்கு அதைப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார்கள். கடைக்கார ஹாஜி செரோஷ் கேட்ட அளவைப் பார்த்துக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"இவ்வளவுமா? அவ்வளவு மோசமாவா தூக்கம் போச்சு?"

"சுத்தமா போச்சு ஹாஜி," என்றான் செரோஷ். அதில் பொய் ஒரு சொட்டும் இல்லை.

வடிகட்டி, பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறவைத்து, ரொட்டிக்கடையில் சும்மா கொடுத்த ஈஸ்ட்டைத் தூவிப் பெரிய ஜாடியில் மூடினான். மூடியில் ஓட்டை போட்டு, ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுகிற குழாய் ஒன்றைச் செருகி, அதன் மறுமுனையைத் தண்ணீர் டம்ளரில் விட்டான். உள்ளே பொங்குகிற காற்று அந்த வழியாக வெளியே வரும். மறுநாள் சாயங்காலம் அவன் சாப்பிட உட்கார்ந்தபோது டம்ளர் "களுக்" என்றது.

"என்ன?" என்றான் செரோஷ்.

"களுக்."

அன்றைக்கு அவன் நின்றுகொண்டு சாப்பிடவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு ஜாடிக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டான். எந்த வீட்டுப் பாய்லரில் என்ன கோளாறு, எந்தப் பாட்டி எவ்வளவு திட்டினாள் என்று எல்லாம் சொன்னான். ஜாடியும் ம் கொட்டிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் இன்னொரு குரல் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று! பாவி மனுஷன், கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பொங்கி அடங்கியதும் பாட்டில் பிரச்சினை வந்தது. மெலிக் கபாப் கடையிலிருந்து ஒரு சாக்கு நிறைய பிளாஸ்டிக் பாட்டில் தூக்கிக்கொண்டு வந்தான். "காசே இல்லடா, தூக்கிப் போடறதத்தானே கேட்டேன்!" எல்லாம் மோர் பாட்டில். கபாபோடு குடிக்கிற புதினா மோர். செரோஷ் வினிகர் ஊற்றிக் குலுக்கி, கழுவி, முகர்ந்தான். மெலிக்கும் முகர்ந்தான். ஒரு வாசனையும் இல்லை என்று இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். தினம் மதியம் மோர் குடிக்கிற மூக்குக்குப் புதினா எங்கே தெரியும்? பாட்டிலுக்கு ஒரு கரண்டி சர்க்கரை போட்டு, பீரை ஊற்றி, இறுக்கி மூடினார்கள்.

வார்த்தை வாங்கப் போகும் நாளன்று மத்தியானம் ஒரு பாட்டிலைத் திறந்து பார்த்தார்கள். நுரை என்றால் அப்படி ஒரு நுரை, நிறம் என்றால் தேன் நிறம். மெலிக் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். திறந்தான்.

"டேய்... கபாப் எங்கடா?"

செரோஷ் பிடுங்கிக் குடித்தான். புதினா! பார்லியும் கசப்பும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன. அதற்கு மேல் புதினா ஏறி உட்கார்ந்திருந்தது. மற்றதையும் திறந்தார்கள். அத்தனையும் புதினா. செரோஷ் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னொரு நாள் போலாமா?" என்றான் மெலிக்.

"ஹோவிக் விடிஞ்சா தெஹ்ரான் போறான். மறுபடி எப்ப வருவானோ. இன்னிக்கு விட்டா அவ்வளவுதான்டா."

மெலிக் எழுந்து போய்ச் செய்தித்தாளில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து அவன் மடியில் வைத்தான். மகள் கல்யாணத்துக்கென்று ஒளித்து வைத்திருந்த பிராந்தி. "எடுத்துட்டுப் போ. பேசாதே. ஒரு கோப்பைதானே, அவ கண்ண மூடிட்டு முழுங்கிடுவா. ஆயுசு பூரா ஒண்ணா இருக்கப் போறீங்க."

செரோஷ் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், ஆனால் பயந்துபோன மனுஷனுக்கு வாய் எங்கே வரும்? பையில் இரண்டும் போயின, பிராந்தியும் பீரும்.

ஷுஷான் வீட்டில் மேஜைமேல் பிஸ்தா, பழம், அவளே தைத்த விரிப்பு. அவள் நீல உடையில் வந்து உட்கார்ந்தாள். செரோஷ் பையைத் தரையில் வைத்ததுதான் தாமதம், ஹோவிக் கையை விட்டுச் செய்தித்தாளை உருவிவிட்டான்.

"அடி சக்கை! பாய்லர்காரரே, உங்கள என்னமோன்னு நெனச்சேன்!"

மூடியைத் திருகினான். 'கிரிக்' என்றது. ஷுஷான் எழுந்துவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே தெரியாததுபோல நின்றாள். கண் சமையல்கட்டுப் பக்கம் போயிற்று. கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். ஹோவிக் அதைப் பார்க்கவில்லை. செரோஷ் பார்த்தான்.

அவன் எழுந்து போய் ஹோவிக்கின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினான். பெண் வீட்டு அண்ணன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்குவதா! மெலிக்குக்கு மூச்சே நின்றுவிட்டது.

"மன்னிக்கணும் அண்ணே. இது வேணாம். நான் பண்ணுனதுதான் ஊத்தணும்." பிராந்தியை இறுக மூடி வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான். மோர் பாட்டிலை எடுத்து நாலு கோப்பையில் ஊற்றினான். ஊற்றிய வேகத்தில் விரிப்பெல்லாம் நுரை.

ஹோவிக் ஒரு வாய் குடித்தான். முகம் கோணிற்று.

"என்னய்யா இது? மோரா? என் தங்கச்சிய மோர் ஊத்தியா கேட்டு வந்தீங்க? கேலியா பண்றீங்க? எந்திரிங்க ரெண்டு பேரும்!"

"பீருதான் அண்ணே," என்றான் மெலிக் ஈனசுரத்தில். "பாட்டில்தான் மோர் பாட்டில். நான்தான் கொண்டாந்தேன்."

செரோஷ் தொப்பியை எடுத்துக்கொண்டான். ஷுஷானிடம் மட்டும் சொன்னான்: "உங்கள பயமுறுத்த வரல. அது என் பையில இருந்ததே தப்பு. நான் வர்றேன்."

"உக்காருங்க," என்றாள் ஷுஷான்.

அவள் கோப்பையை எடுத்தாள். முதலில் முகர்ந்து பார்த்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். அப்புறம் நின்றபடியே குடிக்க ஆரம்பித்தாள். நடுவில் ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, மேலுதட்டில் நுரையோடு, அடிவண்டல்வரைக்கும் குடித்தாள். காலிக் கோப்பையை அண்ணன் முன்னால் வைத்தாள்.

"வார்த்தை குடுத்தாச்சு."

"இது செல்லாது!" என்று ஹோவிக் கத்தினான். "ஊர் சிரிக்கும். மோருக்கு யாராவது வார்த்தை குடுப்பாங்களா?"

"அண்ணே," என்றாள் அவள். குரல் உயரவே இல்லை. "வாஹே என்னைக் கேட்டு வந்தன்னிக்கு ஒசத்தியான பிராந்தி. நீங்கதான் தொறந்தீங்க. ஊரே மெச்சிச்சு."

ஹோவிக் தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்ட அண்ணன்மார்கள் எத்தனையோ பேர். அவன் மெதுவாக உட்கார்ந்தான். கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினான். தன் கோப்பையில் மிச்சமிருந்ததை மூச்சுவிடாமல் குடித்துவிட்டு, கோப்பையைச் செரோஷ் பக்கம் நீட்டினான்.

"ஊத்துங்க மாப்ளே," என்றான்.