ஆயிரத்தோராவது பெயர்

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. 1951இல் இலங்கையின் ஹட்டனில் தோட்டத் தமிழருக்கு நடந்த பிரஜாவுரிமை விசாரணைகளில் நான் மொழிபெயர்ப்பாளன். பெயர்களைக் கூப்பிடுவதும் என் வேலை. ஒரு பெயருக்கு மட்டும் நாக்கு எழவில்லை.

முதல் தொடக்கம்: மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த

[வேண்டாம். பனிக்குப் பின்னால் ஒளிகிறேன்.]

2

அவளை மீனம்மா என்று வைத்துக்கொள்வோம்.* நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தாள். வேலைக்குச் சேர்ந்த மாதமே புருஷன் செத்தான். கையில் பெண்குழந்தை. அதிலிருந்து காலைப் பெரட்டில், ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, கணக்கப்பிள்ளை அவளை ஒரே பெயரால்தான் அழைத்தார்.

"மூதேவி!"

வரிசை சிரிக்கும்.

"எந்த மலைக்குப் போறடி? சொல்லிப்புடு, நாங்க வேற மலைக்குப் போறோம்" என்பாள் பக்கத்தில் நிற்கும் ராக்காயி.

மீனம்மா ஒரு வருஷம் அழுதாள்.

3

தோட்டத்துக் கோயிலில் வெள்ளிதோறும் பூசாரி சகஸ்ரநாம நூலைப் பிரித்து அம்மனின் ஆயிரம் பெயர்களை ஓதுவார். அழகானவள் வரும். கரியவள், கோரமானவள் என்றும் வரும்.

"சாமி, கோரமானவன்னு கூப்பிட்டா ஆத்தா கோவிச்சுக்காதுங்களா?"

"எல்லாப் பேரும் அவ பேருதாம்மா."

"எல்லாமுங்களா?"

பூசாரி யோசிக்காமல் தலையாட்டினார்.

மறுநாள் பெரட்டில் அந்தச் சொல் விழுந்தபோது, ஆயிரத்தோராவது பெயரை யாரோ ஓதியதாக அவளுக்குப் பட்டது. அழைக்கப்பட்டது தானல்ல, தனக்குள் இருப்பவள்.

"இருக்கேங்க" என்றாள். உள்ளே எதுவும் அசையவில்லை.

[அமைதி இவ்வளவு எளிதா? நான் நம்பியிருக்க மாட்டேன். விசாரணைக்கு முன் வாசல் பெஞ்சில் அவளே சொன்னாள். குரல் நடுங்கவில்லை.]

4

அவள் பதில் சொன்னதால் கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டிலும் அதையே எழுதினார். ஒன்பது வருஷம். அவள் இந்த நாட்டில் தொடர்ந்து இருந்தாள் என்பதற்கு அந்தப் பதிவேடு ஒன்றே சாட்சி. விண்ணப்பத்தில் மீனம்மா, பதிவேட்டில் மூதேவி.

விசாரணையில் அதிகாரி என்னைப் பார்த்தார். பதிவேட்டில் உள்ள பெயரைக் கூப்பிடச் சொன்னார். எழுந்தால் அந்தப் பெயரிலேயே உரிமை. எழாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்.

அவளிடம் குனிந்து அதைத் தமிழில் சொன்னேன்.

"எனக்குச் சுடாதுங்க ஐயா" என்றாள். "எம் மக லெட்சுமி வெளிய நிக்குது. அதுக்குச் சுடும்."

அப்போதுதான் அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

5

முடிவு ஒன்று: மீனம்மா என்கிறேன். எழுகிறாள். விண்ணப்பம் தள்ளுபடி.

முடிவு இரண்டு: மற்றதைச் சொல்கிறேன். கூடம் சிரிக்கிறது. உரிமை கிடைக்கிறது. வாசலில் பத்து வயதுப் பெண் தன் தாயின் பெயரைத் தெரிந்துகொள்கிறாள்.

முடிவு மூன்று: அன்று நான் உண்மையில்

[இல்லை. அதை எழுத மாட்டேன்.]

கூடம் காத்திருக்கிறது. இப்போது பெயர் உங்கள் வாயில். கூப்பிடுங்கள். எதைக் கூப்பிட்டாலும் அவள் எழுந்துவிடுவாள். என் பயமே அதுதான்.

* இதுவும் நான் வைத்த பெயர். இதற்கும் அவளிடம் யாரும் கேட்கவில்லை.